கட்டியில் உள்ள பிழை மகளுக்கும் போகுமா?

கேள்வி: எனக்கு 42 வயது, புதுக்குடியிருப்பு. ஸ்கேனில் கர்ப்பப்பையில் மூன்று நார்க்கட்டிகள் என்றார்கள், பெரியது 6 சென்ரிமீற்றர். மரபணு மாற்றத்தால் வருவதாம். 2009 இல் போர் நடந்தபோது பங்கருக்குள் இருந்து சுவாசித்த புகைதான் காரணமோ? அம்மாவுக்கும் இதற்காகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். 17 வயது மகளுக்கும் போகுமா? புற்றுநோயாக மாறுமா?

பதில்: தங்கச்சி, உங்களுக்குச் சொன்னது பாதி சரி. மரபணு மாற்றம் இருக்கிறது, ஆனால் அது கட்டிக்குள் இருக்கிறது. உங்கள் உடம்பு முழுவதும் இல்லை.

வயலை நினைத்துப் பாருங்கள். விதைநெல் நல்லது, விதைத்தீர்கள். முளைத்து வந்த பிறகு ஏதோ ஒரு பயிரில் மட்டும் பிசகு வருகிறது. அந்தப் பிசகு வீட்டில் கட்டி வைத்த விதைநெல்லுக்குள் போய்ச் சேராது. நார்க்கட்டியும் அப்படித்தான். கர்ப்பப்பைத் தசையில் ஒரேயொரு செல் பிரியும்போது மரபணுவில் ஓர் எழுத்துத் தவறுகிறது. அந்தச் செல் பெருகிப் பெருகிக் கட்டியாகிறது. உங்கள் மூன்று கட்டிகளும் தனித்தனியாகத் தொடங்கியவையாகக்கூட இருக்கலாம்.

புகையைப் பற்றிக் கேட்டீர்கள். கிளினிக்கில் இதே கேள்வியை எத்தனையோ பேர் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்கள். 2011 இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 80 பெண்களின் 225 கட்டிகளைப் பரிசோதித்தார்கள். அவற்றில் 159 கட்டிகளில் எம்இடி12 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது, அதுவும் அதன் ஒரே சிறு பகுதியில். பிறகு வேறு பல நாடுகளிலும் அதே இடத்தில் அதே மாற்றத்தைக் கண்டார்கள். ஷெல் குண்டுவீச்சு என்றால் என்னவென்றே தெரியாத பெண்களின் கட்டியிலும் இருக்கிற பிழை இது. பங்கருக்குள் இருந்ததற்காகவோ, அங்கே கிடைத்ததைச் சாப்பிட்டதற்காகவோ உங்களை நீங்களே குற்றம் சொல்ல வேண்டாம்.

பிழையோடு பிறந்த அந்தச் செல்லை வளர்ப்பவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹோர்மோன்கள். அதனால்தான் மாதவிடாய் நின்ற பிறகு கட்டி பொதுவாகச் சுருங்குகிறது.

அப்படியானால் அம்மாவுக்கும் ஏன் வந்தது? குடும்பத்தில் ஓடும் ஒரு சாய்வு உண்டு. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தால் வாய்ப்புக் கூடும். ஆனால் இது மிகப் பொதுவான கட்டி. அமெரிக்க ஆய்வொன்றில் 50 வயதுக்குள் பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேருக்கு இருந்தது. பலருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

பிறப்பிலேயே, அதாவது விதைநெல்லிலேயே, பிசகு இருக்கும் குடும்பங்களும் உண்டு, மிக அரிதாக. எஃப்எச் என்ற மரபணுவில் வரும் அது பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் போகும். இருபதுகளிலேயே பெரிய கட்டிகள், கையிலோ நெஞ்சிலோ குளிர்பட்டால் நோகும் சிறு தடிப்புகள், குடும்பத்தில் சிறுநீரகப் புற்றுநோய் – இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர்களுக்குச் சிறுநீரகத்தைத் தொடர்ந்து ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

நார்க்கட்டி புற்றுநோய் அல்ல. கர்ப்பப்பைத் தசையில் வரும் புற்றுநோய் வேறு, மிக அரிது, பெரும்பாலும் தனியாகவே தொடங்குவது. ஆனால் தீட்டு நாளுக்கு வெளியே இரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்ற பிறகு கட்டி வளர்ந்தாலோ தாமதிக்கக் கூடாது.

எனக்கு மரபணுவைவிட உங்கள் இரத்தம்தான் கவலை. எத்தனை நாள் போகிறது, கட்டியாக விழுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. சுளகில் அரிசி புடைக்கும்போது பச்சை அரிசியை அள்ளி வாயில் போடத் தோன்றுகிறதா? கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறியிருக்கிறதா? இரண்டும் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இந்தக் கிழமையே ஹீமோகுளோபின் பாருங்கள், 12க்குக் கீழே என்றால் இரத்தசோகை. இரும்புக் குளிசை தந்தால் தேத்தண்ணியோடு போட வேண்டாம், தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள். அப்புறம், இரத்தப்போக்கைக் குறைக்கும் குளிசை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் சாதனம், கட்டியை மட்டும் எடுக்கும் சத்திரசிகிச்சை எல்லாம் இருக்கின்றன. அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்பதற்காக உங்களுக்கும் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை.

மகளுக்கு இப்போது ஸ்கேனோ மரபணுப் பரிசோதனையோ தேவையில்லை. அவளுக்குத் தீட்டு 7 நாளுக்கு மேல் போனாலோ, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு துணி நனைந்தாலோ கூட்டிக்கொண்டு வாருங்கள்.