மயங்கிய பிள்ளைக்குக் குளுக்ககான்: தவறாகப் போட்டுவிட்டால்?

கேள்வி: எங்கள் 11 வயது மகளுக்கு முதல் வகை நீரிழிவு, எடை 32 கிலோ. ஓர் இரவு சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வந்தது. சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி வாங்கி வைக்கச் சொன்னார்கள். வேறு காரணத்தால் அவள் மயங்கியிருக்கும்போது போட்டுவிட்டால் ஆபத்தா?

பதில்: அந்த அச்சத்தால் தாமதிப்பதே பெரிய ஆபத்து. தேவையற்று ஒருமுறை போட்ட ஊசி, சர்க்கரையைச் சிறிது நேரம் ஏற்றி, குமட்டலையோ வாந்தியையோ உண்டாக்கும், அவ்வளவுதான். இன்சுலின் போடும் பிள்ளை விழுங்க முடியாமல் கிடந்தால், குளுக்கோமீட்டரைத் தேடி அலையாமல் ஊசியைப் போடுங்கள். அதே நேரம் வேறொருவர் 108-ஐ அழைக்கட்டும். வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

மருந்து பொடியாக வந்தால், உடன் இருக்கும் நீர்மத்தில் கலந்த உடனே போட்டுவிட வேண்டும். கலந்து எடுத்து வைக்க முடியாது. 25 கிலோவுக்கு மேற்பட்ட எடை என்பதால் உங்கள் மகளுக்கு முழு 1 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். பின்னர் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடங்களில் விழிப்பு வரும். நன்றாக விழுங்க முடிந்தபின் இனிப்புப் பானமும், அடுத்து உணவும் கொடுங்கள்.

வாங்குவதில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. அருகிலுள்ள மருந்தகத்தில் இல்லை என்றதும், வாட்ஸ்அப்பில் ஒரு தரகர் முளைத்து, இரண்டு மாதத்தில் காலாவதியாகும் மருந்தைப் பில் இல்லாமல், எந்த வெப்பத்தில் கிடந்தது என்றே தெரியாமல் தலையில் கட்டிவிடுவார். பில்லும் தொகுதி எண்ணும் இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். காலாவதித் தேதியைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் ஒன்றுக்காகப் பெற்றோர் தரகரிடம் கெஞ்ச வேண்டியிருப்பதும், எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் அதைக் கலந்து காட்ட ஐந்து நிமிடம் ஒதுக்காததும் எனக்குப் பொறுக்கவில்லை. செய்து காட்டும்வரை அங்கிருந்து எழுந்து வராதீர்கள்.

ஒரு விலக்கை மட்டும் மறக்காதீர்கள். குளுக்ககான் என்ற இந்த ஹார்மோன் தானே சர்க்கரை அன்று. கல்லீரல் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜனைச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடச் செய்கிறது. ஆகவே, பிள்ளை இரண்டு நாளாக வாந்தியெடுத்துச் சாப்பிடாமல் இருந்தாலோ, முந்தைய நாள்தான் இதே ஊசியைப் போட்டு, அதன்பின் சரியாக உண்ணாமல் இருந்தாலோ, கல்லீரலில் இருப்பு குறைந்து மருந்து பலிக்காமல் போகலாம். அப்போதும் ஊசியைப் போடுங்கள்; ஆனால் அதன் பலனுக்காகக் காத்திராமல், சாப்பிடவில்லை என்பதை 108 பணியாளரிடம் முதலில் சொல்லுங்கள், ஏனெனில் அவளுக்கு அப்போது தேவைப்படுவது இரத்தக் குழாய் வழியே ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசல்.