பெட்டிய மாத்தலாமா வேணாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: எங்க அபார்ட்மென்ட் பொங்கல் விழால மூணு பெட்டி வெச்சு ஒரு போட்டி நடத்தினாங்க. ஒண்ணுல வெள்ளிக்காசு, மத்த ரெண்டுலயும் கத்தரிக்கா. நான் முதல் பெட்டின்னு சொன்னேன். மைக் புடிச்சவர் மூணாவது பெட்டிய தொறந்து கத்தரிக்காய காட்டிட்டு, "மாத்திக்கறீங்களா மேடம்?"னு கேட்டார். மாத்தல, கத்தரிக்காயோட வீடு வந்து சேந்தேன். இன்ஜினியரிங் படிக்கற பையன் "மாத்தியிருந்தா ரெண்டு மடங்கு சான்ஸ்மா"ங்கறான், அவங்கப்பா "மிச்சம் ரெண்டே பெட்டி, பாதிக்குப் பாதிதானே"ங்கறார். யாரு சொல்றது சரி?
- வாசகி, பெரம்பூர்

பதில்: கணக்கு பையன் பக்கம். ஆனா அவன் சொல்லாம விட்ட கண்டிஷன் ஒண்ணு இருக்கு, அத கடைசில சொல்றேன்.

நீங்க பெட்டிய சொன்ன நிமிஷத்துல காசு உங்ககிட்ட இருக்க சான்ஸ் மூணுல ஒண்ணு, மத்த ரெண்டுல எதுலயாவது இருக்க சான்ஸ் மூணுல ரெண்டு, இதுல வீட்டுக்காரரும் சண்டை போட மாட்டார். மைக்காரருக்கு காசு எங்கன்னு தெரியும், உங்க பெட்டிய தொட மாட்டார், தெரிஞ்சே கத்தரிக்கா பெட்டியத்தான் தொறப்பார். அதனால உங்க பெட்டியோட சான்ஸ் அப்படியே மூணுல ஒண்ணாவே நிக்குது, அந்த மூணுல ரெண்டு மொத்தமும் ரெண்டாவது பெட்டி தலையில வந்து உக்காந்துடுது.

சார் ஒத்துக்கலைன்னா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் மூணு எவர்சில்வர் டம்ளர கவுத்து வெச்சு ஒண்ணுக்கடில புளியங்கொட்டைய போடுங்க. பையன் ஒளிக்கட்டும், சார் சொல்லட்டும், பையன் ஒரு காலி டம்ளர தூக்கி காட்டட்டும், சார் மாத்தவே கூடாது. முப்பது ரவுண்டு ஆடி நோட்டுல கோடு போடுங்க, ஏறக்குறைய பத்துலதான் சார் ஜெயிப்பார், தோத்த ரவுண்டு ஒவ்வொண்ணும் மாத்தியிருந்தா ஜெயிச்சிருக்க வேண்டிய ரவுண்டு.

இதுக்காக சார் வெக்கப்பட வேண்டியதில்ல. அமெரிக்காவுல மான்டி ஹால்னு ஒருத்தர் 1963-ல இருந்து நடத்தின டிவி ஷோ பேர்லதான் இந்தப் புதிர் ஓடுது. 1990-ல மர்லின் வாஸ் சாவந்த்ங்கற அமெரிக்கப் பத்திரிகை எழுத்தாளர் தன்னோட கேள்வி பதில் பகுதில (நம்ம இந்தப் பகுதி மாதிரிதான்) "மாத்துங்க"ன்னு எழுதினதுக்கு சுமார் 10,000 லெட்டர் வந்துச்சு, அதுல கிட்டத்தட்ட ஆயிரம் பேர் டாக்டரேட் வாங்கினவங்க, பெரும்பாலும் நீ சொல்றது தப்புன்னுதான் எழுதியிருந்தாங்க. பால் எர்டிஷ் எவ்ளோ பெரிய கணித மேதை, அவரே இன்னொருத்தர் இந்த ஆட்டத்த கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டினப்புறம்தான் இறங்கி வந்தார்.

இப்ப அந்தக் கண்டிஷன். மைக்காரர் எல்லாருக்கும் தவறாம ஒரு பெட்டிய தொறந்து காட்டி கேட்டாரா, இல்ல உங்களுக்கு மட்டுமா? சரியா சொன்னவங்கள குழப்பறதுக்குன்னே தொறந்தார்னா மாத்தறவங்களுக்கு கத்தரிக்காதான். இல்ல அவருக்கே எதுல என்ன இருக்குன்னு தெரியாம குருட்டாம்போக்குல தொறந்து கத்தரிக்கா வந்துச்சுன்னா, அப்ப சார் சொல்ற பாதிக்குப் பாதி கரெக்ட். 1991-ல நியூயார்க் டைம்ஸ் நிருபருக்கு மான்டி ஹாலே தன் வீட்டுல இத ஆடிக் காட்டினார், மாத்தணும்ங்கற கணக்க நம்பி மாத்தினா தோக்கற மாதிரியே ஆடினார், கில்லாடி மனுஷன்! அதனால அடுத்த வருஷம் வரிசைல கொஞ்சம் பின்னாடி நின்னு முன்னாடி ஆடறவங்களுக்கு மைக்காரர் என்ன பண்றார்னு பாத்துட்டு போங்க.

கேள்வி: 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' மாதிரி ஷோல 50-50 எடுக்கறோம், நாலு விடைல தப்பான ரெண்ட கம்ப்யூட்டர் தூக்கிடும். மனசுல சும்மா 'சி'ன்னு நெனச்சிருந்தேன், ரெண்டு போனப்புறம் 'சி'யும் 'டி'யும் நிக்குது. அப்ப 'டி'க்கு மாறணுமா?
- கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: வேணாம், இங்க அந்த வித்தை பலிக்காது. நீங்க நெனச்சது கம்ப்யூட்டருக்குத் தெரியாதே, அது உங்க 'சி'யையும் தூக்கியிருக்கலாம். நூறு தடவை ஆடறீங்கன்னு வெச்சுக்கோங்க, 25 தடவை 'சி' சரியான விடை, அது நிக்கும். மிச்ச 75-ல தப்பான மூணுல ஒண்ணுதான் நிக்கும், அதனால அதுலயும் 'சி' 25 தடவைதான் தப்பிக்குது. ரெண்டும் சமம். பாதி தெரிஞ்சு நெனச்ச விடைன்னா அதையே புடிச்சுக்கோங்க.

'டீலா நோ டீலா'ன்னு டிவி ஷோ, ஒரு பெட்டிய தனக்குன்னு எடுத்து வெச்சுட்டு மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா தொறப்பாங்களே, அதுல கடைசி ரெண்டு பெட்டிக்கும் இதே கதைதான், ஏன்னா மத்த பெட்டியெல்லாம் தெரியாம தொறந்தது ஆடறவரேதான்.

கேள்வி: 'டீலா நோ டீலா'ல கடைசியா 1 ரூபா பெட்டியும் 10 லட்சம் பெட்டியும் மிச்சம். பெட்டிய தொறக்காம விட்டுக்கொடுத்தா பேங்கர் (ஷோ சார்பா பேரம் பேசறவர்) 4 லட்சம் தர்றேங்கறார். வாங்கலாமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: சராசரி 5 லட்சம், அவர் ஒரு லட்சம் கம்மியாத்தான் தர்றார். தினம் ஆடற ஆட்டம்னா வேணாம்னுடலாம், ஆனா வாழ்க்கைல ஒரே தடவை ஆடற ஆட்டம், வீட்டுல நகை அடகுல இருக்குன்னா வாங்கிட்டு நேரா பேங்க்குக்குப் போங்க.