ரப்பர் விலையும் வரத்தும்: நம் குமரி மாவட்டத்துக் கேள்விகள்

அருமனையிலிருந்து: அண்ணாச்சி, 2024 ஆகஸ்டில் ஆர்எஸ்எஸ்-4 ஷீட் (புகைபிடித்த ரப்பர் ஷீட்டில் நான்காம் தரம்) கிலோ 247 ரூபாய் வரை போனது. இன்னும் ஏறும் என்று வைத்திருந்தேன், இறங்கிவிட்டது. இனிமேல் ஷீட்டைப் பிடித்து வைக்கலாமா?

பதில்: அந்த ஏற்றத்துக்குக் காரணம் தட்டுப்பாடு. மழையில் இங்கே பால்வெட்டு நின்றது, தாய்லாந்திலும் வரத்து குறைந்தது, கப்பலில் கன்டெய்னர் கிடைக்கவில்லை. இவை சரியானதும் சில மாதங்களிலேயே 200க்குக் கீழே வந்துவிட்டது. அதனால் மொத்தத்தையும் பிடித்து வைக்காதீர்கள். வீட்டுச் செலவுக்கும் வெட்டுக்கூலிக்கும் வேண்டியதை அவ்வப்போது விற்றுவிட்டு, மிச்சத்தை மட்டும் வையுங்கள். அதுவும் நன்றாகப் புகைபிடித்த ஷீட்டாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதை அடுக்கி வைத்தால் பூசணம் பிடிக்கும், வியாபாரி தரத்தைக் குறைத்துத்தான் எடுப்பார்.

குலசேகரத்திலிருந்து: நாட்டுத் தேவைக்கே ரப்பர் போதவில்லை என்கிறார்கள். அப்புறம் ஏன் நமக்கு விலை இல்லை?

பதில்: போதவில்லை என்பது உண்மை. 2023-24இல் உற்பத்தி சுமார் 8.5 லட்சம் டன், பயன்பாடு 14 லட்சம் டன்னுக்கு மேல். குறைவது இறக்குமதியாக வருகிறது. நம் விலை ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் தடுப்பது அதுதான். இறக்குமதித் தீர்வை 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது. வெளிநாட்டு விலை 200 ரூபாய் என்றால் 25 சதவீதம் 50 ரூபாய் வரும். கம்பெனி கட்டுவதோ 30தான். ஏற்றுமதிப் பொருளுக்கான ரப்பர் என்றால் முன் அனுமதி வாங்கித் தீர்வை இல்லாமலே கொண்டுவரலாம். கோட்டயம் சந்தையின் உள்நாட்டு விலை பாங்காக் சந்தையின் வெளிநாட்டு விலையைவிட ரொம்ப மேலே போனால், கம்பெனிகள் இங்கே வாங்குவதைக் குறைத்துவிடும். அந்த 30 ரூபாய் வரம்பை எடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கோட்டயம் விலையை மட்டும் பார்க்காமல் பாங்காக் விலையையும் சேர்த்துப் பாருங்கள். ரப்பர் வாரியம் இரண்டையும் வெளியிடுகிறது.

நாகர்கோவிலிலிருந்து: சின்னதாகக் கையுறை யூனிட் நடத்துகிறேன். மார்ச் வந்தால் 60 சதவீத லேட்டக்ஸ் (செறிவாக்கிய ரப்பர் பால்) கிடைப்பதே பாடாக இருக்கிறது அண்ணா.

பதில்: இலை உதிர்ந்து தளிர்க்கும் காலம் அம்மா, அப்போது வெட்டு குறையும். அக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பால் நன்றாக வரும். டிசம்பர், ஜனவரியிலேயே இரண்டு மாதத்துக்கான சரக்கை எடுத்துவிடுங்கள். அமோனியா அளவு கூடிய வகையைக் கேட்டு வாங்கி, டிரம்மை இறுக மூடி நிழலில் வையுங்கள், கெடாது. சப்ளையரிடம் ஒரே விலை பேசாதீர்கள். விலை ஏறினால் அவர் சரக்கை வேறிடம் திருப்பிவிடுவார். வாரியம் வெளியிடும் விலையோடு கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு பேரிடம் வாங்குவது இன்னும் நல்லது.

திருவட்டாரிலிருந்து: மரத்துக்கு மழைக்காப்பு (வெட்டும் இடம் நனையாமல் மரத்தைச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் மறைப்பு) போடுவது லாபமா?

பதில்: கட்டாயம் போடுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, காப்பு இல்லாவிட்டால் வெட்டுநாள் நிறையப் போகும். போதாததற்கு, விலை ஏறுவதும் பெரும்பாலும் எல்லாருக்கும் வெட்டு நின்ற அந்த நாட்களில்தான். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன், மே மாதத்திலேயே ஒட்டிவிடுங்கள். பட்டை ஈரமானால் பசை பிடிக்காது.