பைத்தான் 3இல் 'கம்பைலர்' எங்கே போச்சு?

கேள்வி: லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை செய்கிறேன். கன்டெய்னர் டெமரேஜ் (அதிக நாள் நின்றால் கட்டும் தாமதக் கட்டணம்) கணக்குக்கு யாரோ எப்போதோ பைத்தான் 2இல் எழுதிய புரோகிராம் ஒன்று இருக்கிறது. 'டேஸ் / 7 * 500' என்று ஃபார்முலாவை அடித்தால், 'கம்பைலர்' மாட்யூலை (பைத்தானோடு சேர்ந்தே வந்த ரெடிமேட் கோடுத் தொகுப்பு) வைத்து அதைப் பிரித்துக் கணக்குப் போடும். புது கம்ப்யூட்டரில் பைத்தான் 3; அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்று எரர் வருகிறது. பழைய ஃபோல்டரிலிருந்து காப்பி எடுத்துப் போட்டால் ஓடுமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஓடாது, அந்த வழியே வேண்டாம். அந்த மாட்யூல் பைத்தான் 2 மொழியிலேயே எழுதப்பட்டது, பைத்தான் 2 இலக்கணம் மட்டும்தான் அதற்குத் தெரியும். உள்ளே சி மொழியில் ஒரு கம்பைலர் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே பைத்தானில் எழுதிய இன்னொன்று; மொழியில் எதை மாற்றினாலும் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டியிருந்தது. அதனால்தான் 2008இல் வந்த 2.6இல் கோடைப் பிரித்து மரம் மாதிரி அடுக்கித் தரும் 'ஏஎஸ்டி' மாட்யூலைக் கொடுத்துவிட்டு, அதே வருஷம் டிசம்பரில் 3.0 வந்தபோது பழையதை எடுத்தே விட்டார்கள்.

நீங்கள் மாற்ற வேண்டியது அந்த மரத்தில் ஏறி இறங்கிக் கணக்குப் போடும் பகுதியை மட்டும்தான். பழையதில் கூட்டலுக்கு 'ஆட்', பெருக்கலுக்கு 'மல்' என்று தனித்தனி நோடு (மரத்தின் ஒரு முனை) இருந்தது. புதியதில் எல்லாமே 'பின்ஆப்', எந்தக் குறி என்பது அதற்குள் இருக்கும். ஏஎஸ்டியின் பார்ஸ் ஃபங்ஷனை, ஒரே ஒரு ஃபார்முலாவை மட்டும் பிரிக்கும் 'இவால்' மோடில் கூப்பிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த நோடுகளை மட்டும் அனுமதித்து மற்றதையெல்லாம் எரர் என்று திருப்பி அனுப்புங்கள். சுருக்கமாக முடியுமே என்று பைத்தானின் இவால் ஃபங்ஷனிடம் நேராக ஃபார்முலாவைக் கொடுத்துவிடாதீர்கள், அதில் என்ன அடித்தாலும் ஓடிவிடும்.

இதைவிட எனக்குப் பயம் வகுத்தல் குறிதான். 17 நாள் நின்ற கன்டெய்னருக்குப் பழைய புரோகிராமில் 17 / 7 என்றால் 2, பில் 1,000 ரூபாய். பைத்தான் 3இல் அதே கோடு 2.42 சொச்சம் தரும், பில் 1,214 ரூபாய் 29 காசு ஆகிவிடும். எரரே வராது, பார்ட்டி சண்டைக்கு வந்தால்தான் தெரியும். வகுத்தலைக் கையாளும் இடத்தில் // (மீதியை விட்டு முழு எண்ணை மட்டும் தரும் குறி) போடுங்கள், அப்புறம் போன மாத பில் பத்தை எடுத்து இரண்டு புரோகிராமிலும் ஓட்டி ஒப்பிடுங்கள்.

ஒரு நல்ல விஷயமும் உண்டு. பைத்தான் 3இல் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம், 'நாட்கள் // 7 * 500' என்றே அடிக்கலாம்.

கேள்வி: எல்லா ஃபைலும் நான் எழுதிய மாற்றத்தோடு கம்பைல் ஆக வேண்டும். பில்ட்-இன் 'கம்பைல்' ஃபங்ஷனையே மாற்றிவிடலாமா?
- வாசகர், இராயபுரம்

பதில்: மாற்றினாலும் முழுசாகப் பிடிக்காது. கோடை ஓட்டும் 'எக்ஸெக்' ஃபங்ஷனுக்கு ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் அது உங்கள் ஃபங்ஷன் பக்கமே வராமல் உள்ளே சி கோடுக்கு நேராகப் போய்விடும். சரியான இடம் ஃபைல்களை இம்போர்ட் செய்யும் வேலையைப் பார்க்கும் இம்போர்ட்லிப்பில் இருக்கும் 'சோர்ஸ்_டு_கோட்'. சோர்ஸ்ஃபைல்லோடரிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து அதை மட்டும் மாற்றி எழுதி, இம்போர்ட் ஹுக்கில் (இம்போர்ட்டின் நடுவே நம் கோடை நுழைக்கும் இடம்) மாட்டுங்கள். ஆனால் பைத்தான் கம்பைல் ஆன ஃபைல்களைச் சேர்த்து வைக்கும் பைகேஷ் ஃபோல்டரைக் கவனியுங்கள். நான் ஒரு முறை மாற்றத்தைத் திருத்தித் திருத்தி எழுதியும் பழைய ரிசல்ட்டே வந்து அரை நாள் போனது. சோர்ஸ் ஃபைலின் நேரமும் சைஸும் மாறாததால் பைத்தான் அதிலிருந்த பழைய பிஒய்சியையே (கம்பைல் ஆன ஃபைல்) எடுத்திருக்கிறது, என் கோடைக் கூப்பிடவே இல்லை. டெஸ்ட் ஓட்டும் கருவியான பைடெஸ்ட் இதற்காகவே தன் பிஒய்சி ஃபைல்களைத் தனிப் பெயரில் வைக்கிறது, நீங்களும் அப்படியே செய்யுங்கள்.