ஜாபிக்ஸுக்கு இன்னொரு சர்வர் போட்டால் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வர்களை எல்லாம் ஒரே ஒரு ஜாபிக்ஸ் சர்வர்தான் கண்காணிக்கிறது. அது விழுந்தாலும் அலர்ட் வர இன்னொரு சர்வர் போடப் போகிறோம். ஜாபிக்ஸின் டேட்டாபேஸை எங்கள் புரொடக்‌ஷன் கிளஸ்டரிலேயே (நிஜ வேலை ஓடும் சர்வர் தொகுதியிலேயே) வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். புரொடக்‌ஷன் படுக்கும் நேரத்தில்தான் உங்களுக்கு அலர்ட் தேவை, அந்த நேரம் பார்த்து ஜாபிக்ஸும் கூடவே படுத்துவிடும். 2022-இல் வந்த 6.0 முதல் ஜாபிக்ஸிலேயே ஹெச்ஏ வசதி (ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்பது) இருக்கிறது, ஆனால் அதன் நோடுகள், அதாவது அந்த ஜாபிக்ஸ் சர்வர்கள், ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதில்லை. ஒவ்வொன்றும் 5 விநாடிக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறேன்" என்று டேட்டாபேஸில் எழுதும், அவ்வளவுதான். டேட்டாபேஸ் போனால் இரண்டு நோடும் சும்மா நிற்கும். ஆகவே முதல் செலவை அங்கே செய்யுங்கள்: தனி சர்வர்களில், ரெப்ளிகாவோடு (டேட்டாபேஸின் நகலோடு), முதன்மை விழுந்தால் அந்த நகலை அதன் இடத்துக்குக் கொண்டுவரும் பட்ரோனி போன்ற ஒன்றை வைத்து. எது முதன்மை என்று பட்ரோனி குறித்துவைக்கும் எட்சிடியும் புரொடக்‌ஷனுடையதாக இருக்கக் கூடாது.

அப்புறம் ஏஜென்ட் (கண்காணிக்கப்படும் சர்வர்களில் ஓடும் ஜாபிக்ஸின் சின்ன புரோகிராம்) கான்ஃபிக். 'சர்வர்' என்ற வரியில் இரண்டு நோடின் முகவரியையும் காற்புள்ளி போட்டுப் பிரிக்க வேண்டும், 'சர்வர்ஆக்டிவ்' வரியில் அரைப்புள்ளி. அங்கே காற்புள்ளி போட்டால் ஏஜென்ட் அவற்றை இரண்டு தனித்தனி சர்வராக எடுத்துக்கொள்ளும். கண்ணில் படாத தவறு இது, நான் ஒரு மதியம் முழுக்க இதைத் தேடியிருக்கிறேன். வெப் பக்கத்தின் கான்ஃபிக்கில் ஜாபிக்ஸ் சர்வரின் முகவரி, போர்ட் வரிகளை கமென்ட் செய்து செயலிழக்க வைத்துவிடுங்கள், ஆக்டிவ் நோட் (அந்த நேரத்தில் வேலை செய்வது) எது என்று டேட்டாபேஸைப் பார்த்து அதுவே தெரிந்துகொள்ளும்.

சோதிக்கும்போது சர்வீஸை ஸ்டாப் செய்து பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். முறையாக நிறுத்தினால் அடுத்த நோட் உடனே பொறுப்பேற்றுவிடும், நிஜத்தில் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு சாவதில்லை. அந்த நோட் ஓடும் விஎம்மையே (விர்ச்சுவல் மெஷினையே) பவர் ஆஃப் செய்யுங்கள். ஃபெயில்ஓவர் டிலே, அதாவது ஆக்டிவ் நோட் பேச்சு மூச்சு இல்லாமல் போனால் அடுத்தது பொறுப்பேற்கும் முன் காத்திருக்கும் நேரம், இயல்பாக 1 நிமிடம், அதோடு 5 விநாடி சேரும். அவ்வளவு நேரம் உங்களுக்குக் கண் இல்லை. அது அதிகம் என்றால் 10 விநாடி வரை குறைக்கலாம், ஆனால் டேட்டாபேஸ் கொஞ்சம் தடுமாறினாலே ஆக்டிவ் நோட் வேலையை நிறுத்திவிடும் என்பதால் நான் 1 நிமிடத்திலேயே விட்டுவிடுவேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மொத்த ரேக்கும் போய்விட்டால் யார் சொல்வது? வேறு இடத்தில் ஒரு சின்ன மெஷின் வையுங்கள். ஜாபிக்ஸ் நிமிடத்துக்கு ஒருமுறை அதற்கு ஒரு சிக்னல் அனுப்பட்டும். ஐந்து நிமிடம் வரவில்லை என்றால் அந்த மெஷின் தன் சொந்த இணைப்பில் உங்கள் போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும், ஆபீஸ் மெயில் சர்வர் வழியாக அல்ல.