தபாலா, கூரியரா? பட்டுவாடா பற்றிய கேள்வி பதில்

எது வேகம்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பின்கோடு தெரியாமல் சொல்ல முடியாது. சென்னை–கோவை போன்ற தடத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சரக்கை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதுதான் கணக்கு. அஞ்சலகத்தில் பை கட்டிய பிறகு நீட்டும் கவர் மறுநாள்தான் கிளம்பும். கவுண்டரில் முதலில் "டெஸ்பாட்ச் (பை கிளம்புவது) எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள்.

அம்மா இருப்பது மலையடிவாரக் கிராமம். கூரியரில் "டவுனுக்கு வந்து வாங்கிக்குங்க" என்கிறார்கள்.

அங்கே தபால்தான். நாட்டில் 1.6 லட்சத்துக்கு மேல் அஞ்சலகங்கள், அவற்றில் சுமார் 90 சதவீதம் கிராமப்புறத்தில். கூரியருக்கு அந்த ஊர் பட்டுவாடா எல்லைக்கு வெளியே; கூடுதல் கட்டணம் கேட்பார்கள், அல்லது பார்சல் கிளையிலேயே கிடக்கும். ஆனால் கிளை அஞ்சலகத்துக்குப் பை வருவது வழக்கமாக நாளுக்கு ஒருமுறை. அது தவறினால் ஒரு நாள் தள்ளிப்போகும், அதைக் கணக்கில் வையுங்கள். பக்கத்து டவுனின் பின்கோடை எழுதிவிடாதீர்கள். கடைசி மூன்று எண்கள்தான் பட்டுவாடா அஞ்சலகத்தைக் காட்டுபவை. தவறினால் கவர் ஊர் சுற்றிவிட்டு வரும்.

செக் திரும்பியதற்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கூரியர் போதுமா?

இதில் சிக்கனம் பார்க்காதீர்கள், தபாலிலேயே அனுப்புங்கள். பதிவுத்தபாலில் சரியான முகவரிக்கு, உரிய கட்டணம் கட்டி அனுப்பியது வழக்கமாகச் சேரும் நேரத்தில் சேர்ந்ததாகக் கொள்ளும் அனுமானம் 1897-ஆம் ஆண்டின் பொது ஷரத்துகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் இருக்கிறது. கூரியர் ரசீதுக்கு அந்த வசதி தானாகக் கிடைக்காது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத்தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ஆகவே கவுண்டரில் "ரிஜிஸ்ட்ரேஷனோடு ஸ்பீடு போஸ்ட்" என்று கேட்டு வாங்குங்கள். ரிஜிஸ்ட்ரேஷன் இருந்தால் முகவரிதாரரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும்தான் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் அந்த வீட்டில் யார் கையெழுத்துப் போட்டாலும் பட்டுவாடா முடிந்தது. வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். ட்ராக்கிங் பக்கத்தை அன்றன்றே அச்செடுத்து வையுங்கள். கவர் வாங்கப்படாமல் திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள், அப்படியே வக்கீலிடம் கொடுங்கள்.

2 கிலோ பனியனுக்கு 7 கிலோ கட்டணம் போட்டார்கள். ஏமாற்றா?

இல்லை, கன அளவு எடை: பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிய கணக்கு. அதுவா நிஜ எடையா, எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள் (சில நிறுவனங்களில் வகுஎண் வேறு). 40×30×30 பெட்டி என்றால் 7.2 கிலோ. பெட்டியைத் தூக்கிப் போட்டு, துணியை அழுத்தி பாலி கவரில் 30×25×12 அளவுக்குக் கொண்டுவந்தால் 1.8 கிலோ; பிறகு நிஜ எடைக்குத்தான் காசு. பனியனுக்குப் பெட்டி எதற்கு?

பார்சல் தொலைந்தால் யார் நன்றாக ஈடு தருகிறார்கள்?

இருவருமே இல்லை. ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தின் இரட்டிப்பு அல்லது 1000 ரூபாய், இதில் எது குறைவோ அது. தாமதத்துக்கு ஸ்பீடு போஸ்ட் கட்டணம் மட்டும் திரும்ப வரும். கூரியர் ரசீதில் பொடி எழுத்தில் இருக்கும் வரம்பும் செல்லும்: பாரதி நிட்டிங் – டி.எச்.எல். (கூரியர் நிறுவனம்) வழக்கில் (1996) கையெழுத்திட்ட ரசீதில் இருந்த 100 டாலர் வரம்பையே உச்ச நீதிமன்றம் ஏற்றது. விலை உயர்ந்த பொருளுக்குத் தபாலில் இன்ஷூர் செய்யுங்கள். கூரியரில் மதிப்பை ரசீதில் எழுதி, காப்பீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டுங்கள்.

ஆள் வீட்டிலேயே இருந்தும் "கதவு பூட்டியிருந்தது" என்று வருகிறதே?

அன்றைய கணக்கை முடிக்க ட்ராக்கிங்கில் போடும் ஸ்கேன் பதிவு அது, தபால், கூரியர் இரு பக்கமும் நடக்கும். கூரியரில் அன்றே புகார் எண் வாங்குங்கள். சில முயற்சிகளுக்குப் பின் சரக்கு அனுப்பியவருக்கே திரும்பிவிடும். தபால் என்றால் சாதாரணமாக ஏழு நாள் வரை அஞ்சலகத்தில் இருக்கும். அடையாள அட்டையோடு நேரில் போய் வாங்குவதுதான் சீக்கிரம்.