‘நான்’ என்ற உணர்வு குழந்தையின் உடலுக்குள்ளிருந்து எப்படித் தொடங்குகிறது?

பசி, இதயத்துடிப்பு போன்ற உள்ளுடல் உணர்வுகளுக்கும் குழந்தையிடம் ‘நான்’ என்ற உணர்வு உருவாவதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, கண்ணாடியில் தன்னை அடையாளம் காணும் பருவத்துக்கு, அதாவது ஏறத்தாழ 18 மாதத்துக்கு, வெகு முன்பே அது தொடங்கிவிடுகிறது.

2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், 5 மாதக் குழந்தைகள் தம் இதயத்துடிப்போடு இசைந்து திரையில் துள்ளிய உருவத்தைவிட, இசையாமல் துள்ளிய உருவத்தையே அதிக நேரம் பார்த்தன. இரண்டையும் பிரித்தறிய, உள்ளே நிகழும் துடிப்பு ஏதோவொரு வகையில் மூளைக்கு எட்டியிருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது வளர்ப்பவரின் பங்கு. பசியைத் தானே தீர்த்துக்கொள்ள இயலாத குழந்தை வீறிட்டு அழும்போது, தாய் வாரியெடுத்துப் பாலூட்ட, இனம்புரியாத அந்தத் தவிப்பு எதனால் தணிகிறது என்பது மெல்ல மெல்ல அதற்குப் பிடிபடுகிறது. பின்னாளில் “எனக்குப் பசிக்கிறது” என்று அது சொல்வதற்கான அடித்தளமும் அங்கேதான் அமைகிறது.